ஒரே கேசட்டில் இருந்த பாட்டு

இருக்காது. முதலில் அப்படித்தான் நினைத்தார் பூபாலன். கித்தார் முறுக்கிக்கொண்டு கீழே இறங்கி, தரையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறியது. இப்படி ஏறி இறங்குகிற கித்தார் உலகத்தில் ஆயிரம் இருக்கும். உங்க ஹார்ட்கோர் பாட்டெல்லாம் ஒண்ணுதான், வேகமாப் போற லாரி, மெதுவாப் போற லாரி, அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள் அவர் மனைவி புனிதா. அதுவும் சரிதான். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு பாட்டுப் போனால் அவருக்கே பொறுக்காது. சொல்ல வந்ததைக் கத்து, இறங்கு, போ. ஆகவே ஏதோ ஒரு பாட்டு, இருக்கட்டும் என்று விட்டார். அப்போதுதான் டிரம் தவறியது. இரண்டாவது சுற்றில், விழவேண்டிய அடி விழாமல், எல்லாரும் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கி, பிறகு தடாலென்று சேர்ந்து விழுந்தார்கள். பூபாலன் தலையை நிமிர்த்தினார். அது தவறு இல்லை. ஒரு தவறை மனப்பாடம் பண்ணி அடிக்கிறார்கள். அந்தத் தவறு, மேடையில் அடிக்கிற இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தியது. அன்றைக்கு டிரம்மில் உட்கார்ந்திருந்த ஜமாலுக்குக் கை வியர்த்துக் குச்சி நழுவிற்று. அந்தப் பாட்டு அந்த ஒரு தடவைதான் மேடையேறியது. அந்த நழுவல் உலகத்தில் ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. கேசட் பூபாலன் வீட்டு இரும்பு அலமாரியில். அதன் நகல் பூபாலன் வீட்டுக் கம்ப்யூட்டரில், பூட்டுக்குள். பூட்டுக்குள் இருந்தது எப்படி நடந்து வந்து கிள்ளான் டயர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தில் ஆம்ப்பில் ஏறிக்கொண்டது? அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் அதிர்ந்தது. பிடித்தது சுவரையா, தன் நெஞ்சையா என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

சுவரில் அவர் தோள் உயரத்துக்கு மின்சாரப் பெட்டி. அவர் எப்போதும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்பார். கட்டடத்துக்காரன் ஆ லெக், கீழே டயர் கடை வைத்திருப்பவன், இந்த மாடியை ஞாயிறு மட்டும் கொடுக்கும்போதே போட்ட நிபந்தனை அது. பழைய கம்பி, இரண்டு ஆம்ப்பும் பேஸும் சேர்ந்து ஏறினால் சுவிட்ச் பொத்தென்று விழும், விழுந்தால் பொறுப்பான ஆள் ஒருத்தன் கையை வைத்துத் தூக்கிவிட வேண்டும். கண்ட கண்ட தலைமயிர்க் கலர்க்காரன் கையெல்லாம் பெட்டியில் படக்கூடாது. கூட்டத்தில் நரைத்த தலை ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து பூபாலன் பெட்டிக்குக் காவல். விழும், தூக்குவார், கூட்டம் கத்தும், பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடும். சாயங்காலம் முடிந்ததும் ஆ லெக் படியேறி வந்து கதவோரத்துச் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைப்பான். அப்போது பூபாலன் தவறாமல் சத்தம் போடுவார். "வெளக்க அணைக்காத, நான் இன்னும் போகல!" பிள்ளைகள் சிரிப்பார்கள். கிழவன் ஆரம்பிச்சுட்டான்டா என்பார்கள். பாடுகிற பெண் ரூபிணி ஒரு தடவை அவர் முகத்துக்கு நேராகவே அவர் குரலில், அதே கரகரப்போடு, தொண்டையைக் கூடச் செருமிக்கொண்டு சொல்லிக் காட்டினாள். அவருக்கு அது வேடிக்கையாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்வது. கொட்டாவி மாதிரி. அதை யார் யோசித்துக்கொண்டிருப்பது.

நாதன் பாட்டு. இருதயநாதன். துறைமுகத்தில் கொள்கலன் தூக்குகிற கிரேனில் வேலை, கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும், மேடையில் ஏறினால் மைக்கைப் பிடிக்க மாட்டான், நெரிப்பான். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. கூட்டத்துக்குள் யாரோ முட்டி மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம், துப்பிவிட்டு அடுத்த பாட்டைப் பாடினான். அந்த நாதன். அன்றைக்குப் பூப்பந்து மண்டபம், வெளியே மழை, தகரக் கூரை வேறு. பூபாலன் தன் ரெக்கார்டரைக் குடைக்குள் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். எந்த நிகழ்ச்சி என்றாலும் ரெக்கார்டரோடுதான் போவார். பாடத் தெரியாது, அடிக்கத் தெரியாது, பதியத் தெரியும். புதுப் பாட்டு ஒண்ணு இருக்கு என்று போகிற வழியில் மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்தபடி நாதன் காற்றில் கத்திக் கத்திச் சொன்னான். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளிகள் இருந்த லயன் வீடுகளை இடிக்கிறார்கள். எல்லாரும் போய்விட்டார்கள், அவன் அம்மா மட்டும் போகவில்லை. மின்சாரக் கம்பியை அறுக்க ஆள் வந்தபோது அம்மா வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அதுதான் பாட்டின் கடைசி வரி. நல்லா இருக்கா என்று கேட்டான். ரோட்டைப் பாருடா என்றார் பூபாலன். அம்மா அந்த வாரமே செத்துப்போனாள் என்பதை நாதன் மோட்டாரில் சொல்லவில்லை. அதை மண்டபத்தில், பாட்டுக்கு நடுவில்தான் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். கூரையப் பிரிச்சாச்சு, கொழாய அடைச்சாச்சு, கோயிலுக்கும் வேலி போட்டாச்சு என்று இடிமாதிரி வந்தவன், கம்பிய அறுக்க வந்தவனப் பாத்து அம்மா சொன்னா என்ற இடத்தில் வாயைத் திறந்தான். வரவில்லை. மறுபடி அம்மா சொன்னா. வரவில்லை. அப்புறம் கேசட்டில் இருப்பது மழை, ஒரு கித்தார் நின்றுபோகிற கூச்சல், ஒரு பெரிய மனுஷன் சின்னப் பிள்ளைபோல அம்மா அம்மா என்று மைக்குக்குள் அழுகிற சத்தம். அது நீளம். பாட்டைவிட நீளம். மறுநாள் மாமாக் என்கிற தேநீர்க் கடையில் பூபாலனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். "அத அழிச்சிடு பூபா." "பாப்போம்." "பாப்போமெல்லாம் இல்ல. எவனும் கேக்கக்கூடாது. நான் செத்தாலும்." "தேத்தண்ணி ஆறுது, குடி." அவ்வளவுதான் பேச்சு. பூபாலன் அழிக்கவில்லை. பதிந்ததை அழிக்கிற கை அவருக்கு இல்லை. மறுபடி கேட்டால் அழிக்கலாம் என்று வைத்திருந்தார். நாதன் மறுபடி கேட்கவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அடியில் மோட்டாரோடு போனான். செத்தாலும் என்று சொன்னவன் சொன்னபடி செத்துவிட்டான். மிச்சம் பூபாலன் பொறுப்பு.

இப்போது மேடையில் ரூபிணி கூரையப் பிரிச்சாச்சு என்கிறாள். ஒல்லிப் பெண், தொலைபேசிக் கடையில் வேலை, குரல் மட்டும் எங்கிருந்தோ கடன் வாங்கினதுபோல. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கூட்டம் இந்தப் பாட்டை அறியாது, ஆனாலும் சுழல ஆரம்பித்துவிட்டது. தோளும் தோளும் மோதுகிறது, பலகைத் தரை படகு மாதிரி ஏறி இறங்குகிறது, யாரோ கவிழ்த்த சர்சிப் பானம் காலுக்கடியில் பிசுபிசுக்கிறது. பூபாலனுக்கு ஒரு காதில் பஞ்சு, மற்றக் காது பல வருஷத்துக்கு முன்பே பாதி போயாயிற்று. போன காதில்தான் நன்றாகக் கேட்கிறது. அவர் கண் ரூபிணியின் காலுக்குப் போயிற்று. காலடியில் ஒரு சின்னப் பெட்டி. மிதித்தால் எந்தச் சத்தத்தை அதற்குள் வைத்திருக்கிறார்களோ அது வரும். போன தடவை ரயில் நிலைய அறிவிப்பை வைத்திருந்தார்கள், அதற்கு முன் யாரோ அரசியல்வாதியின் இருமல். பாட்டு முடிகிற இடத்தில் மிதிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். இன்றைக்கு எதை வைத்திருக்கிறாள். அவருக்குத் தெரியும். அந்த நகலை எடுத்தவளுக்கு அழுகை மட்டும் கிடைக்காமலா போகும். மிதிப்பாள், இந்த மாடி முழுக்க நாதன் அம்மா அம்மா என்று அழுவான், இந்தப் பயல்கள் கையிலே போனைத் தூக்கிக்கொண்டு பதிவார்கள், நாளைக்கு ஊர் முழுக்க அழுவான். எவனும் கேக்கக்கூடாது. செத்தாலும். பூபாலனின் கை மின்சாரப் பெட்டிக்குள் போய்ப் பெரிய சுவிட்சின் மேல் உட்கார்ந்தது. இரும்பு சுட்டது. ஒரு இழு. அவ்வளவுதான். எல்லாம் செத்துவிடும், ஆம்ப், மைக், காலடிப் பெட்டி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பழைய கம்பி.

ஆனால் எப்படி எடுத்தாள்? இழுக்கிறதற்கு முன்னால் அது தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. புத்தி அப்படித்தான், வீடு எரியும்போது தீக்குச்சி எந்தக் கடையில் வாங்கினது என்று யோசிக்கும். சவால் விட்டது அவர்தான். அதை மறுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சி முடிந்து மாமாக் கடையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் பதிந்த நிகழ்ச்சி எல்லாவற்றையும் அதில் போட்டு ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாட்டுக்கு ஏதுடா முதலாளி என்பது அவர் கட்சி. பேஸ் அடிக்கிற லிங்கேஸ்தான் கேட்டான். "அப்புறம் ஏன் அங்கிள் உள்ள ஒரு ரூம் மட்டும் பூட்டியிருக்கு? கசமுசா படமா?" மேசையே சிரித்தது. "அங்கிள்னு கூப்பிடாதே." "பின்ன எப்படிக் கூப்பிடுறது, தாத்தான்னா?" இது ரூபிணி. "தைரியம் இருந்தா உடைச்சு உள்ள போ. அப்புறம் பேசு." "நெஜமாவா?" "நான் இந்த வேலை பாத்தப்ப உங்கப்பன் அரை டவுசர் போட்டிருந்தான்." பார்த்தவர்தான். தொலைபேசிக் கம்பி பழுது பார்க்கிற வேலையில் இருந்த காலம், கம்ப்யூட்டர் பேசுவது தொலைபேசி வழியாகத்தான், கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுப் பேசும். எத்தனை கம்பெனியின் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றையும் எடுத்ததில்லை, உள்ளே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வெளியே வருவது. அதுவும் ஒரு கச்சேரி மாதிரிதான், அந்த முதல் நொடி, கதவு திறக்கிற நொடி, டிரம் விழுகிற மாதிரி. மந்திரமெல்லாம் இல்லை. ஆள் வாயைக் கேட்க வேண்டும். மனுஷன் வாயில் எது ஓயாமல் வருகிறதோ அதுதான் அவன் சாவி, அவன் பாஸ்வேர்ட். குதிரைப் பந்தயத்துக்குப் போகிற மேனேஜர் குதிரையின் பேரைத்தான் வைப்பான். அந்த ரொட்டி மேசையில் அதையும் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனால் என் சாவி எவனுக்கும் தெரியாது என்றும் சொன்னார்.

தெரியாதுதான். மூன்று தடவை தப்பாக அடித்தால் அந்த அறை தானாகச் செத்துவிடும்படி பண்ணி வைத்திருக்கிறார். நேற்றுக் காலையில் கூடப் பார்த்தார், சாகவில்லை, முழுசாக இருந்தது. அப்படியானால் தடவிப் பார்த்து வரவில்லை. தெரிந்துகொண்டு நேராக வந்திருக்கிறாள். அதில்தான் அவருக்கு உடம்பு சில்லிட்டது. ஏனென்றால் சாவி, நாதன் மோட்டாரில் சொன்ன அந்தக் கடைசி வரி. மண்டபத்தில் அவன் வாயில் வராமல் போன வரி. கேசட்டில் இல்லாத வரி. அதை அறிந்தவர்கள் அவன் அம்மா, அவன், பூபாலன். கம்பி அறுக்க வந்தவனும் கேட்டிருப்பான், அவன் எங்கே நினைவில் வைத்திருக்கப்போகிறான். ஜமாலுக்குக்கூடத் தெரியாது. இரண்டு பேர் மண்ணுக்குள். அப்படியானால் யார் சொன்னது இந்தப் பெண்ணுக்கு? பூபாலன் பேய் பிசாசு நம்புகிறவர் இல்லை. சாமியையே நம்பாதவர். இருந்தும், ரூபிணி மைக்கை நெரிக்கிறாளே, அந்த மாதிரி இடது கையால் அடியில் பிடித்து வலது கையால் கழுத்தை நெரிப்பது, அதை எங்கே பார்த்தாள்? கேசட்டில் கை தெரியாதே. வியர்வை கண்ணுக்குள் இறங்கிற்று. ஒரு நொடி மேடையில் தோளும் கழுத்தும் ஒன்றான ஆள். ஒரு நொடி ஒல்லிப் பெண். கண்ணைத் துடைத்தார். பெண்தான். எல்லாரும்தான் நெரிக்கிறார்கள். முட்டாள், எல்லாரும்தான் மைக்கை நெரிக்கிறார்கள். உனக்கு வயசாகிவிட்டது. இழுத்துவிட்டு வீட்டுக்குப் போ.

கொழாய அடைச்சாச்சு. கோயிலுக்கும் வேலி போட்டாச்சு. வேகம் பாதியாயிற்று, அந்த இடத்தில்தான் பாதியாகும், இனி நடைதான், யானை நடை. ஒரு அடிக்கு ஒரு வார்த்தை. ரூபிணியின் கால் பெட்டியின் பக்கம் நகர்ந்தது. பூபாலனின் விரல்கள் சுவிட்சை வளைத்துப் பிடித்தன. கம்பிய. அறுக்க. வந்தவன. அவர் தன் கையைப் பார்த்தார். நரை மயிர் ஒட்டிய கை, கம்பி வேலை பார்த்துக் காய்த்த கை, மின்சாரத்தை நிறுத்துவதற்கு நீட்டியிருந்த கை. வாசலில் அம்மா. அறுக்க வந்தவன் யார்? கை அப்படியே நின்றது. இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பாத்து. அம்மா. சொன்னா.

நின்றது. எல்லாம் நின்றது. கித்தாரின் கூச்சல்கூட இல்லை, லிங்கேஸ் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டான். ரூபிணி பெட்டியை மிதிக்கவில்லை. காலால் ஓரமாக ஒதுக்கினாள். கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, சுழன்றது அடங்காமல் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்தபடி. மின்விசிறி மட்டும் கடகடத்தது. அம்மா சொன்னா என்று மறுபடி சொன்னாள், கத்தாமல், பேசுகிறதுபோல. மேடையிலிருந்து குதித்தாள். மேடை என்ன மேடை, நாலு பலகை. மைக்கின் ஒயர் கூட்டத்தின் தலைக்கு மேலே பாம்பாக வந்தது, ஆளாளுக்குக் கையைத் தூக்கி அதைக் கடத்தினார்கள். அவள் நேராக மின்சாரப் பெட்டிக்கு வந்தாள். வியர்வையும் புகையிலையும் சேர்ந்த வாடை. மைக்கை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினாள். இந்தக் கூட்டத்தில் அது ஒரு வழக்கம், மைக் எவன் சொத்தும் இல்லை, தெரிந்த வரி வந்தால் தெரிந்தவன் கத்தலாம், பாடுகிறவனே நீட்டுவான். ஆனால் பூபாலனுக்கு யாரும் நீட்டியதில்லை. அவர் பெட்டிக்காரர். அவர் பதிகிறவர். அவர் வாயைத் திறந்தார். வரி நாக்கில் இருந்தது, மோட்டார்க் காற்றோடு, துறைமுகத்து உப்போடு, அப்படியே இருந்தது. வரவில்லை. மைக்குக்குள் போனதெல்லாம் காற்றுத்தான், ஒரு கிழவன் மூச்சு வாங்குகிற சத்தம், அது ஸ்பீக்கரில் மாடி முழுக்க இரைந்தது. இங்கேதான் நாதனுக்கும் நின்றது. இதே இடம். அவர் தலையை ஆட்டினார். முடியாது, கொண்டு போ.

அப்போது பின்னாலிருந்து, கதவோரத்திலிருந்து எவனோ ஒருத்தன் கத்தினான். பச்சைத் தலைமயிர்க்காரன், பூபாலன் பேரே கேட்டிராதவன், கிழவன் ஞாயிறுதோறும் சொல்வதை மட்டும் கேட்டவன். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் மாடியே கத்திற்று. சுவரில் தூசு கொட்டிற்று. "வெளக்க அணைக்காத, நான் இன்னும் போகல!" மறுபடி. யாரும் பாடம் சொல்லிக் கொடுக்காமல், அவர் கரகரப்போடு, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவர் முழுங்குகிற எழுத்தை முழுங்கி. டிரம் அதன் அடியில் வந்து சேர்ந்தது. வெளக்க அணைக்காத. பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் கத்தினார்கள், இரண்டு மூன்று பேர் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு கத்தினார்கள். பூபாலன் அடிபட்டவர்போல நின்றார். ஒவ்வொரு ஞாயிறும். ஆ லெக் சுவிட்சைத் தட்டுகிற ஒவ்வொரு தடவையும். இந்த மாடியில் மட்டுமா, இதற்கு முந்தின மாடியில், அதற்கு முந்தின மண்டபத்தில், நாதன் செத்த வருஷத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி விடாமல், கிழவன் தன் சாவியைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று உரக்கக் கத்தியிருக்கிறான். ஆள் வாயைக் கேள் என்று வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறான். வாய் பாட்டுக்குச் சொல்வதாம். கொட்டாவி மாதிரியாம்.

பாட்டு முடிந்ததும் கூச்சலுக்குள் ரூபிணி அவர் நல்ல காதின் பக்கம் வந்தாள். "மொத தடவையே தொறந்துருச்சு அங்கிள். எனக்கே பயமாப் போச்சு." அவர் அந்தக் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். "டேப்ல அம்மா என்ன சொன்னாங்கன்னு இல்லையா, ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சேன். அப்புறம்தான் நான் என்னத்த அடிச்சு உள்ள வந்தேன்னு உறைச்சுது." அவர் காலடிப் பெட்டியைக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. "அதுல மழைச் சத்தம் வெச்சிருக்கேன். அடுத்த பாட்டுக்கு." மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு, "அந்த அழுகைய நான் யாருக்கும் போட்டுக் காட்டல. லிங்கேஸுக்குக்கூட. அது அவரோடது லா." "அங்கிள்னு கூப்பிடாதே" என்றார் பூபாலன். சம்பந்தம் இல்லாமல்தான். அவள் ஓடிவிட்டாள், அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது, இரண்டு ஆம்ப்பும் பேஸும் சேர்ந்து ஏறின, பொத்தென்று எல்லாம் விழுந்தது. இருட்டு. கூட்டம் கத்திற்று. கை இன்னும் சுவிட்சின் மேல்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகச் சாவியை மாற்ற வேண்டும். வேறு என்ன வைப்பது என்று யோசித்தார். அடுத்த பாட்டு முடிகிற வரைக்கும் யோசித்தார். வாயில் வேறு எதுவும் வரவில்லை.